எரிமலையில் நான் போன குறுக்கு

1

இந்த வாரத்தோடு நான் இந்தத் தீவுக்கு வந்து ஐந்து வருஷம் முடிகிறது. ரியூனியன் என்று பெயர். உலகப் படத்தில் மடகஸ்கார் பக்கத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி தெரியும். ஈயை விரட்டிவிட்டுப் பாருங்கள், அதற்கு அடியில் இன்னொரு புள்ளி இருக்கும். அதுதான் நாங்கள். தீவில் ஒரு எரிமலையும் உண்டு. அணைந்துபோன மலை இல்லை, இப்போதும் நெருப்புக் கக்குகிற மலை. இலங்கை மலைநாட்டு இரத்தோட்டையில் சும்மா இருந்தவளைக் கூட்டிவந்து என் மகன் முரளி குடிவைத்த இடம் இது. அம்மா மேல் அவ்வளவு பாசம்.

போன மாதம் அரசாங்கத்திடம் இருந்து கடிதம் வந்தது. இனி வருஷா வருஷம் அலைய வேண்டாம், இங்கே தங்குவதற்குப் பத்து வருஷத்துக்கு ஒரே அட்டையாகத் தருகிறோம், இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று. எனக்கு அறுபத்தொன்பது வயது. இன்னும் பத்து வருஷம் இருப்பேன் என்று என் மகனே அடித்துச் சொல்ல மாட்டான், பிரெஞ்சு அரசாங்கம் சொல்கிறது. நல்ல மனிதர்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. தாளை முட்டைக் கூடைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

"அம்மா, அந்த பேப்பர் எங்க?"

"பத்திரமா இருக்குடா."

"கையெழுத்துப் போட்டியா?"

"பேனா எழுதல."

"நேத்து கடைக்கு லிஸ்ட் எழுதினியே."

"அது தமிழு. இது பிரெஞ்சு. பேனாவுக்குத் தெரிய வேணாமா?"

முரளி பேக்கரியில் பாண் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவன். விடியுமுன் எழும்புகிறவனுக்குச் சிரிப்பு வருவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அன்றைக்கு வரவே இல்லை.

விஷயம் இதுதான். எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும். பார்த்துவிட்டு வருவதற்கு இல்லை, இருப்பதற்கு. இரத்தோட்டையில் பஸ் ரோட்டுக்கு மேலே எனக்கு இரண்டு அறை வீடு இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டு ஜெஸீமாவிடம். கையெழுத்துப் போடாமல் போனால் இந்த நாட்டு அட்டை முடிந்துவிடும். அதற்குப் பிறகு நான் இங்கே விருந்தாளி. வருவதென்றால் விசா கேட்டு வரிசையில் நிற்க வேண்டும். முரளிக்கு அதுதான் பயம்.

"ரோட்டுல இருந்து வீட்டுக்கு எவ்வளவு ஏத்தம்! போன தடவ நடுவுல மூணு எடத்துல உக்காந்த."

"முட்டி வலிச்சா உக்காந்தேன்? மூணு வீட்டுலயும் கதை இருந்துச்சு."

2

இந்த ஐந்து வருஷத்தில் நான் என்ன படித்தேன் என்று கேட்பீர்கள். பாண் கடையில் 'போஷூர்' என்று வணக்கம் சொல்லப் படித்தேன். சொல்லாமல் பாண் கேட்டால் கடைக்காரி என்னைக் கண்ணாடி ஜன்னலைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பாள். இப்போது நாய்க்கும் சொல்கிறேன், எதற்கு வம்பு.

அட்டை கொடுக்கிற கந்தோரில் விரல் வைக்கச் சொல்லி ஒரு மெஷின் இருக்கிறது. முதல் தடவை வைத்தேன், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தேன், சிவப்பு. பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்த அந்தப் பிள்ளை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ரேகை இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்த விரல், ரேகை எங்கே இருக்கும்? தேயிலையோடு கலந்து யாரோ குடித்திருப்பார்கள். "மாதாம், உங்க ரேகை எங்க?" என்று கேட்டதை முரளி தமிழில் சொன்னான். "கேட்டுப் பாரு, காலையில தேத்தண்ணி குடிச்சியான்னு" என்றேன். அதை அவன் மொழிபெயர்க்கவில்லை. என் நல்ல பேச்சில் பாதியை அவன் மொழிபெயர்ப்பதில்லை.

எரிமலை வெடிக்கிறது என்று முதல் வருஷம் வானொலியில் சொன்னபோது நான் சீலையை மடித்துப் பெட்டியில் போட்டேன். சனங்களும் காரில் ஏறி ஓடினார்கள். எங்கே? அதைப் பார்க்க. சாப்பாடு கட்டிக்கொண்டு, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு.

எங்கள் தெருவில் ஒரு முத்துசாமி இருக்கிறார். அவருடைய பாட்டன் பூட்டன் காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலில் வந்த ஆட்கள். கோயிலில் தீ மிதிப்பார், காவடி எடுப்பார், தமிழில் தண்ணி என்று சொன்னால் தெரியாது. எங்கள் சனத்தையும் அப்படித்தான் கப்பலில் ஏற்றினார்கள். ஏற்றின துரை வேறு, இறக்கின துறைமுகம் வேறு, அவ்வளவுதான். அவரைக் கண்டால் சிரித்துக் கையெடுப்பேன். உடனே என் பேத்தி லெயாவின் ஞாபகம் வரும்.

லெயாவுக்குப் பதின்மூன்று. தாய்க்காரி இந்தத் தீவுக்காரி, ஆஸ்பத்திரியில் வேலை. நான் வந்த புதிதில் லெயா என்னை 'அப்பாயி' என்றுதான் கூப்பிட்டாள். பெரிய பள்ளிக்கூடம் போனதும் 'மெமே' ஆகிவிட்டேன். இங்கே பாட்டியை அப்படித்தான் சொல்வார்களாம். ஆடு கத்துகிற மாதிரி இருக்கும், ஆனாலும் திரும்பிப் பார்ப்பேன். இப்போது அவளும் நானும் பேசுவதென்றால் நான் தமிழில் சொல்வேன், அவள் பிரெஞ்சில் சொல்வாள், இரண்டு பேரும் புரிந்த மாதிரித் தலையாட்டுவோம். அவசரம் என்றால் மட்டும் அரைத் தமிழ் வரும்.

3

முட்டைக் கூடை விஷயம் முற்றியதும் முரளி ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயம் போட்டான். இந்தத் தீவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மலையில் நடப்பார்கள். கிழம் கட்டை எல்லாம் இரண்டு கையிலும் தடி வைத்துக்கொண்டு போகும். சீகிரியாப் பாறையில் வெள்ளைக்காரர்கள் வியர்த்து ஊற்றி ஏறுவதைக் கீழே மரநிழலில் நின்று பார்த்துச் சிரித்தவள் நான். அந்தப் பாவம்தான் பிடித்திருக்க வேண்டும்.

லெயா போனில் ஒரு பக்கத்தை எடுத்து வாசித்தாள், முரளி தமிழில் சொன்னான். புதிதாக நடக்கிறவர்களுக்கான இலகுவான பாதைகளாம். கடலோரத்தில் ஒன்று, காட்டுக்குள் ஒன்று, எரிமலையின் பெரிய பள்ளத்துக்குள் இறங்கி ஒரு சின்னச் சிவப்புக் குன்றுவரை போய்வருவது ஒன்று. நல்ல சப்பாத்து வேண்டும். இரண்டு போத்தல் தண்ணீர் வேண்டும். தொப்பி, மழைக்கோட்டு. வேளைக்கே புறப்பட வேண்டும், பத்து மணிக்கு மேல் மூடுபனி இறங்கும். கல்லில் அடித்திருக்கும் வெள்ளைப் பெயின்டை விட்டு விலகக் கூடாது.

நான் எட்டு மாத வயிற்றோடு, முதுகில் கூடையோடு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, மழையில் அட்டை கடிக்கக் கடிக்க ஏறிய மலையை எந்தப் பட்டியலில் போடுவார்கள் என்று கேட்டேன். அதையும் முரளி மொழிபெயர்க்கவில்லை.

"சரி, கேளு. படியில எறங்கணும். செவப்புக் குன்று வரைக்கும் போகணும். திரும்பி மேல ஏறணும். யாரும் ஒன் கையப் புடிக்கக் கூடாது. இத செஞ்சுட்டா நானே டிக்கட் எடுத்துத் தாறேன். அந்த பேப்பர பத்தி வாயே தெறக்க மாட்டேன்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி ஒன் பேனா பிரெஞ்சு படிக்கணும்."

என் மகன்தான். சந்தேகமே இல்லை.

4

முரளி, லெயா, நான் மூன்று பேரும் கடலோரத்தில் வியர்த்துக்கொண்டு காரில் ஏறினோம். மேலே போகப் போகக் கம்பளிச் சட்டை தேவைப்பட்டது. இரத்தோட்டையில் இருந்து ரிவஸ்டன் மலைப் பக்கம் ஏறுகிற மாதிரித்தான் வளைவுக்கு மேல் வளைவு. பிறகு மரம் முடிந்தது, புல் முடிந்தது, செம்மண் சாம்பல் மட்டும். கடைசியில் ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பில் முரளி காரை நிறுத்தினான். எட்டிப் பார்த்தேன். எல்லாம் கறுப்பு. உருகி ஓடி அப்படியே இறுகிப்போன கல். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பச்சை இலை கிடையாது. பெரிய நிம்மதியாக இருந்தது. இந்த மலையில் யாரும் ஒருத்தியையும் கூடையோடு ஏற்ற முடியாது.

படி நூற்றுக்கணக்கில். நான் பக்கவாட்டில் இறங்கினேன், தேயிலை நிரையில் இறங்குகிற மாதிரி, ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்து. முரளிக்கு மூச்சு வாங்கியது. "கையப் புடிச்சுக்கவாடா?" என்று கேட்டேன்.

அடியில் சமதரை. கல்லுக்குக் கல் வெள்ளைப் பெயின்ட் புள்ளி. யாரோ கோலம் போட ஆரம்பித்து, புள்ளி வைத்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி ஓடிவிட்ட மாதிரி. அங்கேதான் என் இடது முட்டி பேச ஆரம்பித்தது. படி இறங்கியதற்குக் கூலி கேட்டது. சிவப்புக் குன்று நேர் எதிரே நிற்கிறது, புள்ளிகளோ ஒரு பக்கமாக வளைந்து சுற்றிக்கொண்டு போகின்றன. இந்தச் சுற்றைச் சுற்றினால் திரும்பிப் படியேற என்னிடம் கால் மிச்சம் இருக்காது. அது எனக்குத் தெரியும். முரளிக்குத் தெரியக் கூடாது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்து ரோட்டு வளைந்து வளைந்து போவது லொறிக்கும் துரையின் ஜீப்புக்கும். அதில் நடக்கிற தொழிலாளியை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு மலைக்கும் ஒரு குறுக்கு இருக்கும். தேயிலைக்கு ஊடே நேரே மேலே, நேரே கீழே. அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனது குறுக்கில், பிரசவத்துக்கு என்னைத் தூக்கிப்போனது குறுக்கில், முரளி பள்ளிக்கூடம் போனதும் குறுக்கில். பெயின்ட் அடித்துப் பாதை காட்டினால், அது துரைமாருக்குப் போட்டது என்றுதான் எங்கள் கால் நினைக்கும்.

"நீங்க போய்க்கிட்டே இருங்க. நான் சப்பாத்து முடிச்சு போட்டுட்டு வாறேன்" என்றேன்.

அவர்கள் திரும்பியதும் இறங்கிவிட்டேன் குறுக்கில்.

கயிறு முறுக்கிப் போட்ட மாதிரிக் கல். சில இடத்தில் காலடியில் தகரம் மாதிரிச் சத்தம் கேட்டது. நான் ஒல்லி, கல் தாங்கியது. அவர்கள் சுற்றி வருவதற்குள் குன்றின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தேன். சிவப்புச் சரளையில் சப்பாத்துப் புதைய நின்று, சீலை முந்தானையால் முகத்தைத் துடைத்து, 'என்னாடா இவ்வளவு நேரம்' என்று கேட்பதற்குக் குரலைச் சரிசெய்துகொண்டு திரும்பினேன்.

முரளி பாதையில் இல்லை. என்னைக் காணாமல் தேடி, கண்டுபிடித்து, "அம்மா, நில்லு! அங்கயே நில்லு!" என்று கத்திக்கொண்டு என் குறுக்கிலேயே ஓடிவருகிறான். பாதித் தூரத்தில் அவன் இடுப்பு வரை குறைந்துபோனான். கல் ஓடு உடைந்து ஒரு கால் உள்ளே போய்விட்டது.

நான் ஓடினேன். முட்டி அப்போது ஒன்றும் பேசவில்லை.

5

காலை வெளியே இழுத்தோம். தோல் உரிந்து, கணுக்கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. பிறகு நிமிர்ந்தால் குன்று இல்லை. லெயா இல்லை. பள்ளத்தின் சுவர் இல்லை. மூடுபனி.

எனக்குப் பனி புதிதா? எங்கள் மலையில் பனி இறங்கினால் கையை நீட்டினால் தேயிலைச் செடி. இந்தச் செடி, அடுத்த செடி என்று தடவிக்கொண்டே நிரை முடிவுக்கு வந்துவிடலாம். அந்தப் பக்கம் ஒருத்தி இருமுவாள், இந்தப் பக்கம் ஒருத்தி கங்காணியைத் திட்டுவாள், வழி தெரிந்துவிடும். இங்கே கையை நீட்டினேன், ஒன்றும் இல்லை. காது கொடுத்தேன், ஒன்றும் இல்லை. வெள்ளைப் பெயின்ட் எந்தப் பக்கம்? நாங்கள்தான் அதை விட்டு வந்துவிட்டோமே. முரளியின் போனிலும் சிக்னல் கோடு இல்லை.

"லெயாவ ஒரு புள்ளியில நிக்க வச்சுட்டு வந்தேன். அசையக் கூடாதுன்னு சொன்னேன்" என்றான். வீங்கின காலைக்கூடப் பார்க்காமல் பனிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.



"ரோட்டால வந்தா என்னம்மா ஒனக்கு?"

"குறுக்கால கிட்டடா."

"நான் இந்த நாட்டுக்கே குறுக்காலதான் வந்தேன். படகுல. எத்தன நாளு கரையக் காணாம கெடந்தோம்னு ஒனக்குத் தெரியுமா? அதனாலதான் சொல்றேன்."

அந்தப் படகுப் பயணத்தை அவன் இதுவரை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அட்டை கிடைத்துவிட்டதே, இனி என்ன என்று விட்டிருந்தேன்.

"இரத்தோட்டையில இப்பிடி விழுந்து கெடந்தா ஒன்ன யாரு தேடிக் கூப்புடுவா?"

"ஜெஸீமா."

"அவங்களுக்கு எழுபத்திரெண்டும்மா."

"தொண்டைக்கு நாப்பதுதான்."

அவன் சிரிக்கவில்லை. எனக்கும் அது வாயில் இருந்து வந்ததே தவிர நெஞ்சில் இருந்து வரவில்லை. என் பிள்ளையைக் கல்லுக்குள் விழுத்தியது என் கால். இன்னொரு பிள்ளை அங்கே எங்கேயோ தனியாக நிற்கிறாள். டிக்கட்டும் வேண்டாம், வீடும் வேண்டாம், அவள் சத்தம் கேட்டால் போதும் என்று நினைத்தேன். இதை நான் முரளியிடம் சொல்லவில்லை. இது வரப்போகிற பத்திரிகையை அவன் வாசிப்பதில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

அப்போது கேட்டது. "பப்பா!" பிறகு "மெமே!" இரண்டும் வெட்டு வெட்டாக வந்து பனிக்குள் விழுந்தன. எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. பிறகு,

"அப்பாயீஈஈஈ..."

நீளமாக, மலையில் கொழுந்து நிறுக்கக் கூப்பிடுகிற மாதிரி. முரளி தலையைத் திருப்பினான். "அந்தப் பக்கம்!"

எழும்புவதற்கு என் கையை எட்டிப் பிடித்தான். நாங்கள் ஒவ்வொரு கல்லாகக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு நடந்தோம். நிற்கும்போதெல்லாம் நான் "ஓய்ய்ய்" என்பேன், அவள் "அப்பாயீஈஈ" என்பாள். பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு வெள்ளைப் புள்ளிக்கு மேலே இரண்டு சப்பாத்தையும் சேர்த்து வைத்து, ஒரு விரல்கடை நகராமல் நின்றிருந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர். என்னைக் கண்டதும் பிரெஞ்சில் திட்டினாள். ஐந்து வருஷத்தில் பிரெஞ்சு எனக்கு முழுதாகப் புரிந்தது அன்றைக்குத்தான்.

திட்டி முடிந்ததும் கேட்டேன். "என்னாடி, திடீர்னு அப்பாயி?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "மெமே சின்னது. இழுக்க ஏலாது. அப்பாயி இழுக்கலாம்."

அவ்வளவுதான் காரணம். பாசம் கீசம் ஒன்றும் இல்லை. எனக்கு அதுவே போதும்.

6

புள்ளி புள்ளியாகத் துரைமார் பாதையிலேயே திரும்பினோம். படியில் முரளிக்கு ஒரு பக்கம் என் தோள், மறு பக்கம் யாரோ ஒரு புண்ணியவான். தடி வைத்திருந்த கிழவர். என்னைவிட மூத்தவர், இலகுவான பாதையில் தினமும் நடப்பவராம். நான் ஏழு இடத்தில் நின்றேன். அங்கே கதை சொல்ல வீடு கிடையாது. முட்டிதான். முரளி பார்த்துக்கொண்டே வந்தான்.

மேலே காரடியில் உட்கார்ந்ததும் நான் தொடங்கினேன்.

"பந்தயம் என்னாச்சு?"

"குறுக்கால போயிட்டு பந்தயமா?"

"குறுக்கால போகக் கூடாதுன்னு சொன்னியா? யாரும் ஒன் கையப் புடிக்கக் கூடாதுன்னுதான் சொன்ன. புடிச்சது நீ."

"குன்றுக்கு எங்க போன?"

சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தேன். சிவப்புச் சரளை கொட்டியது. பள்ளத்துக்குள் நான் நடந்த மற்ற இடமெல்லாம் கறுப்பு. முரளி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு லெயாவிடம் பிரெஞ்சில் கேட்டான், யார் வென்றது என்று. அவள் நிறைய நேரம் யோசித்தாள். "அப்பாயி" என்று சொல்லிவிட்டுக் கார்க் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

முரளி சொன்ன சொல் தவறவில்லை. கட்டுப்போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டே டிக்கட் எடுத்தான். அடுத்த மாதம் பயணம். தாளைப் பற்றி அவன் வாயே திறப்பதில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்து ஆறியிருப்பேன், கேட்காமல் இருப்பதுதான் அரிக்கிறது. வெள்ளிக்கிழமையோடு தவணை முடிகிறது. இன்றைக்கு மட்டும் மூன்று தடவை முட்டைக் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். பேனா மூடியைக் கழற்றுவேன், போடுவேன். பெட்டியில் சீலையை அடுக்குவேன், வெளியே எடுத்து மறுபடி அடுக்குவேன். ஜெஸீமாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் குரலை அனுப்பியிருக்கிறாள்.

"வாறதா இருந்தா வா புள்ள, இன்ஷா அல்லாஹ். வூட்ட கூட்டி வைக்கிறேன். குறுக்குல பாசி புடிச்சிக் கெடக்கு, சொல்லிட்டேன். விழுந்து கிழுந்து வச்சிராத, எனக்கு தூக்க ஏலா."

கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். என் கால் எனக்குச் சொல்கிற பக்கம் அதுதான். ஆனால் அந்தக் காலை முந்தி மாதிரி நான் நம்புவதில்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்த லெயா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனில் இரத்தோட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். பஸ் நிற்கிற இடத்தில் விரலை வைத்தாள், மேலே என் வீட்டில் விரலை வைத்தாள். இரண்டுக்கும் நடுவே நேராக ஒரு கோடு இழுத்தாள்.

"அப்பாயி, லீவுல நான் வந்தா... இங்க நின்னு கூப்புட்டா, அங்க கேக்குமா?"

"பஸ் போடுற சத்தத்துல எங்க கேக்கும்? ஏறி வா."

"இப்பிடியா?" என்று அந்தக் கோட்டையே காட்டினாள்.

நான் அவள் விரலைப் பிடித்து, படத்தில் வளைந்து வளைந்து போகிற ரோட்டின் மேல் வைத்தேன்.

"குறுக்கால வராதடி. சுத்தினாலும் பரவாயில்ல, ரோட்டாலயே வா."